கடைசியாக யார் கையில் இருந்தது?

பிழை திருத்தும் வேலையை நான் விரும்பி ஏற்கவில்லை. சென்னையில் ரவுட்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தபோது, புதிய வசதிகளை எழுதும் குழுவில்தான் இடம் கேட்டேன். கிடைத்தது வேறு. கடைகளிலும் கிளை அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் ஏன் திடீரென்று விழுந்து எழுகின்றன என்று கண்டுபிடிக்கும் குழு. புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் பத்தி பத்தியாக எழுத விஷயம் இருக்கும். எங்களுக்கு "இந்த மாதம் விழவில்லை" என்ற ஒரு வரிதான். அதை நினைத்து உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறேன். புதுக் குழுவில் இருந்த என் வயதுக்காரர்களைப் பார்த்துப் பொறாமையும் பட்டிருக்கிறேன். பிறகு அதே வேலை பிடித்துப்போனதற்கு ஒரு கேள்விதான் காரணம். அதற்குமுன் ஒரு பாக்கெட் கர்னலுக்குள் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

லினக்ஸில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எஸ்கேபி என்று ஒரு விவரச்சீட்டு உண்டு. பாக்கெட்டின் பைட்டுகள் அதற்குள் இல்லை. வேறொரு மெமரித் துண்டில் இருக்கின்றன. அந்தத் துண்டைக் காட்டும் நான்கு பாயின்டர்கள் எஸ்கேபியில் இருக்கும்: ஹெட், டேட்டா, டெயில், எண்ட். ஹெட்டும் எண்டும் துண்டின் இரு ஓரங்கள். இப்போதைக்குப் பாக்கெட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை டேட்டாவும் டெயிலும் சொல்லும். அனுப்பும்போது தகவலுக்கு முன்னால் டிசிபி ஹெடர் வரும், அதற்கு முன்னால் ஐபி ஹெடர், அதற்கும் முன்னால் ஈதர்நெட்டின் 14 பைட். ஒவ்வோர் அடுக்கிலும் பைட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும். அதனால் முதலிலேயே காலி இடம் விட்டுவைத்து, டேட்டா பாயின்டரை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். விட்ட இடம் போதவில்லையென்றால் கர்னல் அங்கேயே நின்று 'எஸ்கேபி அண்டர் பேனிக்' என்று லாகில் எழுதிவிட்டு விழும். பின்பக்க ஓரத்தைத் தாண்டினால் 'ஓவர் பேனிக்'. இரண்டும் நல்ல பிழைகள் என்பேன். தப்பு நடந்த இடத்திலேயே, எல்லா எண்களோடும் விழுகின்றன. மதியச் சாப்பாட்டுக்குள் திருத்திவிடலாம்.

என்னைப் படுத்தியவை வேறு ரகம். பாக்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் பெட்டி விழும். இன்று டைமரில், நாளை ஃபைல் சிஸ்டத்தில், இன்னொரு நாள் வைஃபை டிரைவரில். விழுந்த வரியைத் திறந்து பார்த்தால் அதில் ஒரு குற்றமும் இருக்காது. அந்த நாட்களில் என் கை தானாகப் போன இடம் ஓர் 'இஃப்' வரி: பாயின்டர் காலியாக இருந்தால் பேசாமல் திரும்பிப் போ. போட்டதும் அந்த இடத்தில் விழுவது நின்றுவிடும், புகாரை மூடிவிடலாம். கொஞ்ச நாளில் வேறு தலைப்பில் புதுப் புகார் வரும். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தாலும் தெரியாததுபோல் இருந்துவிடலாம். அப்படி இருந்தது நான் மட்டும் இல்லை. எங்கள் பழைய கோடு முழுக்க இத்தகைய வரிகள்தான். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போன கதை.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். அப்படி நான் எழுதிய பேட்ச் ஒன்று அவர் பார்வைக்குப் போனது.

"இந்த பாயின்டர் காலியா இருக்கலாமா தம்பி?"

"இருக்கக் கூடாது அண்ணாச்சி. ஆனா இருக்கே."

"அப்ப ஏன் இருக்குன்னு கேக்காம, இருந்தாலும் பரவால்லன்னு எழுதியிருக்க. விழுந்த எடத்தையே பாத்துக்கிட்டு இருக்க நீ. பாக்கெட்டு கடைசியா யாரு கைல இருந்துச்சு? அதச் சொல்லு. பெறவு பேட்ச் எழுதலாம்."

கேட்க எளிது. பதில் சொல்ல அன்றைக்கு ராத்திரி வரை ஆயிற்று. எஸ்கேபியில் 'யூசர்ஸ்' என்று ஓர் எண்ணிக்கை உண்டு: எத்தனை பேர் இதைப் பிடித்திருக்கிறார்கள் என்பது. விடுகிறவர் ஒவ்வொருவரும் ஒன்றைக் குறைக்க வேண்டும். கடைசி ஆள் விட்டதும் மெமரி விடுவிக்கப்படும். டீபக் வசதிகளைத் திறந்து கட்டிய கர்னலில், விடுவிக்கப்பட்ட மெமரி 6பி என்ற பைட்டால் நிரப்பப்படும். லாகில் ஏதாவது ஒரு பாயின்டரின் மதிப்பு 6பி6பி6பி6பி என்று வந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஒருவர் விட்டுவிட்டார், இன்னொருவர் அதை அறியாமல் இன்னும் பிடித்திருக்கிறார். அந்தப் பேட்ச்சை நான் கிழித்துப் போட்டுவிட்டு டீபக் கர்னலை ஏற்றியபோது வந்தது அந்த வரிசைதான். விட்டவர் எங்கள் டிரைவர். எங்கே விட்டது என்பதுதான் வேடிக்கை.

அதற்கு 2003-க்குப் போக வேண்டும். ஈதர்நெட் சட்டகம் ஒன்று, கடைசி 4 பைட் சரிபார்ப்பு எண்ணோடு சேர்த்து, 64 பைட்டுக்குக் குறையக் கூடாது. ஏஆர்பி பாக்கெட் ஹெடரோடு சேர்ந்தே 42 பைட்தான். மீதி 18 பைட்டைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டியது டிரைவரின் பொறுப்பு. பல டிரைவர்கள் நிரப்பவில்லை; நீளத்தை மட்டும் கூட்டிச் சொல்லி, பஃபரில் அதற்குமேல் என்ன கிடந்ததோ அதையும் சேர்த்துக் கம்பியில் அனுப்பின. கிடந்தது முந்தைய பாக்கெட்டின் மிச்சமாக இருக்கலாம், கர்னல் மெமரியின் துண்டாகவும் இருக்கலாம். 2003 ஜனவரியில் ஓஃபிர் ஆர்கினும் ஜோஷ் ஆண்டர்சனும் இதை 'ஈதர்லீக்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். லினக்ஸில் அதற்கு விடையாக, குட்டைப் பாக்கெட்டைப் பூஜ்யம் போட்டு நீட்டிக் கொடுக்கும் ஃபங்ஷன் வந்தது. நீட்ட மெமரி கிடைக்காவிட்டால் அந்த ஃபங்ஷன் பிழை என்று திருப்பிச் சொல்லும், சொல்வதற்கு முன் பாக்கெட்டையும் அதுவே விடுவித்துவிடும். விளக்கக் குறிப்பில் இது ஒரு சின்ன வரியாக எழுதியிருக்கிறது. எங்கள் டிரைவரை எழுதியவர் அதைப் படிக்கவில்லை போலும். 'பிழையா, சரி, பாக்கெட்டை விட்டுவிடுவோம்' என்று மறுபடி விடுவித்தார். மெமரி நெருக்கடியான நேரத்தில், அதுவும் குட்டைப் பாக்கெட் அனுப்பும்போது மட்டும், ஒரே மெமரி இரண்டு முறை விடுவிக்கப்பட்டது. பிறகு அதே துண்டு டைமருக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் ஒரே நேரத்தில் வாடகைக்குப் போனது. விழுந்தவர்கள் அவர்கள்.

திருத்தம் ஒரே வரி. அதுவும் நீக்கிய வரி. அன்றிலிருந்து ஒரு ஃபங்ஷனைத் திறந்தால் அது என்ன கணக்குப் போடுகிறது என்று பார்ப்பதற்கு முன்பே, பாக்கெட்டை அது கடன் வாங்குகிறதா, வாங்கியே வைத்துக்கொள்கிறதா, தோற்றுப்போனால் என்ன செய்கிறது என்று பார்ப்பது பழக்கமாயிற்று. சி மொழியில் இந்த ஒப்பந்தத்தை எழுதிவைக்க இடமே இல்லை. ஃபங்ஷனின் பெயரிலும் இல்லை, வாங்கும் வகையிலும் இல்லை. பழகியவர்களின் நினைவில் இருக்கிறது. ரஸ்ட் மொழிக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. பிஎஸ்டி குடும்பத்தில் எஸ்கேபிக்கு இணையான எம்பஃப் கோடிலும் இதே கதைதான். ஹெடர் பைட்டுகளை ஒரே தொடர்ச்சியாகத் திரட்டித் தரும் 'எம் புல்லப்', தன்னால் முடியாதபோது சங்கிலி முழுவதையும் விடுவித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும்.

மற்றவர்களின் பழைய பிழைகளைப் படிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். முதலில் கடமைக்கு, பிறகு துப்பறியும் கதை படிக்கிற ருசியில். டிசிசிபி என்று ஒரு நெறிமுறை 2005-இல் லினக்ஸ் 2.6.14-இல் சேர்ந்தது. அதிகம் பேர் பயன்படுத்தாதது. இணைப்புக் கோரும் பாக்கெட் வந்ததும், குறிப்பிட்ட ஐபிவி6 விருப்பம் திறந்திருந்தால், அதன் எஸ்கேபியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரிடத்தில் எடுத்து வைப்பார்கள், எண்ணிக்கையையும் ஒழுங்காகக் கூட்டிவிடுவார்கள். அந்தப் பாக்கெட்டைக் கையாளும் ஃபங்ஷனின் கடைசியில் இருந்தது, எண்ணிக்கையைப் பார்க்காமலே மெமரியை விடுவிக்கும் அழைப்பு. எடுத்து வைத்தவர் பிடித்திருப்பது செத்த பாக்கெட். சாதாரணப் பயனர் ஒருவர் இதை வைத்து ரூட் ஆகிவிடலாம். 2017 பிப்ரவரியில் ஆந்த்ரே கொனோவலோவ் சிஸ்காலர் என்ற கருவியை ஓட்டி இதைக் கண்டுபிடிக்கும்வரை பதினோரு ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. திருத்தமாக வந்தது, எண்ணிக்கையை மதித்து விடும் ஃபங்ஷனுக்கு மாறிய ஒரு வரி.

எங்கள் அலுவலகத்தில் இத்தகைய பிழைகளையெல்லாம் 'ஸ்திரத்தன்மை' என்ற அலமாரியில் போடுவார்கள். பாதுகாப்பு என்றால் தனிக் குழு, தனி அவசரம். 2007-இல் ஓபன்பிஎஸ்டிக்கும் இது நடந்தது. ஐபிவி6 பாக்கெட்டுகளுக்கான எம்பஃப் கோடில் கோர் செக்யூரிட்டி நிறுவனத்தார் ஒரு பிழையைச் சொன்னார்கள். ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் முதலில் அதற்கு நம்பகத்தன்மைத் திருத்தம் என்றே பெயர் வைத்து வெளியிட்டார்கள். தொலைவிலிருந்தே கர்னலுக்குள் தங்கள் கோடை ஓட்டலாம் என்று கோர் நிரூபித்ததும் அது பாதுகாப்புத் திருத்தமாயிற்று. தொலைவழி ஓட்டை ஒன்றே ஒன்றுதான் என்று முகப்பில் பெருமையாகப் போட்டிருந்ததையும் இரண்டு என்று மாற்றிக்கொண்டார்கள். மாற்றியது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் விளம்பரப் பிரிவாக இருந்தால் அந்த வாசகத்தையே எடுத்திருப்பார்கள்.

ஒரு ரகம் மட்டும் இன்றுவரை என் கண்ணிலிருந்து தப்பப் பார்க்கும். ஐபி ஹெடரின் முகவரியை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்கிறீர்கள். இரண்டு வரி கழித்து, இன்னும் இருபது பைட் தொடர்ச்சியாக வேண்டும் என்று 'பிஎஸ்கேபி மே புல்' என்ற ஃபங்ஷனைக் கேட்கிறீர்கள். அது பெரும்பாலும் 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். எப்போதாவது, பாக்கெட் துண்டு துண்டாக வந்திருந்தால், புது மெமரி வாங்கி, பைட்டுகளை அதில் திரட்டி, பழையதை விடுவித்துவிட்டு அதே 'இருக்கிறது'. நீங்கள் எடுத்து வைத்த முகவரி இப்போது பழைய வீட்டினுடையது. கோடு பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கும் தெரியுமா! நீளம் சரிபார்த்திருப்பார்கள், பிழை வந்தால் திரும்பியிருப்பார்கள். லினக்ஸின் டன்னல் நெறிமுறைக் கோடுகளில் இதே திருத்தம் மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது: முகவரியை மறுபடி எடு.

எல்லாப் பிழையும் அண்ணாச்சியின் கேள்விக்குள் அடங்கிவிடாது. 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸின் ஜானதன் லூனி வெளியிட்ட 'சாக் பேனிக்' சுத்தமான கணக்குப் பிழை. ஒரு எஸ்கேபியில் அதிகபட்சம் 17 துண்டுகள், துண்டுக்கு 32 கிலோபைட், ஆக 5,57,056 பைட். எதிர்முனை, செக்மென்ட் அளவு 48 பைட்தான் என்று அடம்பிடித்தால், அதில் ஆப்ஷன்கள் 40-ஐத் தின்ன, தகவலுக்கு மிஞ்சுவது 8. வகுத்தால் 69,632 செக்மென்ட். அதை எண்ணிய மாறி 16 பிட்; 65,535-க்கு மேல் அதற்குத் தெரியாது. கர்னல் விழும். பாக்கெட்டை யார் பிடித்திருந்தார்கள் என்று எத்தனை முறை கேட்டாலும் இது பிடிபடாது. இதையும் சொல்லிவைப்பதுதான் நியாயம்.

என்னை முழுக்க மாற்றியது விழாத ஒரு பிழை. எங்கள் பெட்டியில் ஒரு டன்னல் டிரைவர் உண்டு. கிளை அலுவலகத்துப் பாக்கெட்டுகளை என்கிரிப்ட் செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். ஒவ்வோர் இரவும் பெட்டி தன் பயன்பாட்டுக் கணக்கை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக அதே டன்னல் வழியே மைய சர்வருக்கு ஏற்றும். சில கிளைகளிலிருந்து வரும் ஃபைலின் நடுவே குப்பை இருந்தது. ஃபைலின் நீளம் சரி. முன்பகுதி சரி, பின்பகுதி சரி. நடுவில் கொஞ்சம் மட்டும் யாருக்கும் புரியாத பைட்டுகள். அதே டன்னலில் நாள் முழுக்க ஃபைல் அனுப்பிக்கொண்டிருந்த கிளைக்காரர்களுக்கு ஒரு புகாரும் இல்லை.

ஃபிளாஷ் மெமரி கெட்டிருக்கும் என்றார்கள். சர்வரின் டிஸ்க் என்றார்கள். பாக்கெட் கோடாக இருக்கவே முடியாது என்பதற்கு எல்லாரும் சொன்ன காரணம் ஒன்று: வழியில் கெட்டிருந்தால் டிசிபியின் செக்சம் பிடித்திருக்குமே. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வேறு வேலை இல்லாத ஒரு மதியம் குப்பையை அளந்து பார்த்தேன். 1,348 பைட். இன்னொரு ஃபைலில் அதே 1,348. மூன்றாவதில் அதன் இரு மடங்கு. டன்னலின் எம்டியூ 1,400. ஐபிக்கு 20, டிசிபிக்கு 20, டைம்ஸ்டாம்ப் ஆப்ஷனுக்கு 12 கழித்தால் 1,348. கெட்டது ஃபைலின் ஏதோ ஒரு துண்டு இல்லை, முழுதாக ஒரு டிசிபி செக்மென்ட்.

அண்ணாச்சியிடம் போனேன்.

"அனுப்பிச்சதுக்கு அப்புறம் அந்த செக்மென்ட்ட யாரு வெச்சிருக்கா?" என்றார்.

"அனுப்பியாச்சே அண்ணாச்சி. டிரைவர் அனுப்பிட்டு விட்டிருக்கும்."

"டிசிபி?"

டிசிபி விட்டிருக்காது. எதிர்முனை பெற்றுக்கொண்டதாகச் சொல்லும்வரை அசலைத் தன் வரிசையிலேயே வைத்திருக்கும். வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டுமே. கீழே டிரைவருக்குக் கொடுப்பது அசலின் குளோனை. குளோனுக்குத் தனி எஸ்கேபி உண்டு, தனி பாயின்டர்கள் உண்டு, பைட்டுகள் மட்டும் ஒன்றேதான். கூட்டுப்பட்டா நிலம் மாதிரி. பட்டாவில் இரண்டு பேர் பெயரும் இருக்கும், உழுவது ஒரே வயல். டிரைவர் அந்த வயலில் இருந்ததை அங்கேயே வைத்து என்கிரிப்ட் செய்தது. பாக்கெட் வழியில் தொலையாதவரை ஒன்றும் தெரியாது. தொலைந்தால் டிசிபி தன்னிடமிருக்கும் 'அசலை' எடுத்து மறுபடி அனுப்பும். அது இப்போது என்கிரிப்ட் ஆன குப்பை. டிரைவர் அதன்மேல் இன்னொரு முறை என்கிரிப்ட் செய்யும், எதிர்முனை ஒரு முறை மட்டும் பிரிக்கும், மிஞ்சுவது குப்பை.

செக்சம்? இன்றைய லினக்ஸில் டிசிபி செக்சத்தை முன்பே போட்டுவைப்பதில்லை. டிரைவரிடம் கொடுக்கும் நேரத்தில்தான் போடுவார்கள். மறுமுறை அனுப்பும்போது அந்தக் குப்பைக்கே புதுசாக, சரியாகச் செக்சம் போடப்பட்டது. நாங்கள் யாரைச் சாட்சிக்கு நம்பியிருந்தோமோ அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்.

கிளைக்காரர்களுக்கு ஏன் பாதிப்பில்லை என்பதும் அப்போது விளங்கியது. அவர்களுடைய பாக்கெட்டுகள் பெட்டி வழியாகக் கடந்து போகின்றன, அவ்வளவுதான். அசல் அவர்களுடைய கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. பெட்டியே தொடங்கும் இணைப்பு அந்த இரவு ஃபைல் ஒன்றுதான்.

டிரைவரை எழுதியவர் அலட்சியக்காரர் என்று சொல்லிவிட முடியாது. என்கிரிப்ட் செய்வதற்கு முன் 'எஸ்கேபி கௌ ஹெட்' என்ற ஃபங்ஷனை அழைத்திருந்தார். பகிர்ந்த பாக்கெட்டாக இருந்தால் எழுதுவதற்கு முன் நகல் எடுத்துக் கொடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஆனால் அது ஹெடருக்கு மட்டும் பொறுப்பேற்கிறது. பகிர்வு எண்ணிக்கையை லினக்ஸ் 32 பிட்டில் இரண்டு பாதியாக வைத்திருக்கிறது: ஒரு பாதி மொத்தம் எத்தனை பேர் என்று, மறு பாதி அவர்களில் ஹெடரில் உரிமை கேட்காதவர்கள் எத்தனை பேர் என்று. டிசிபி தன் அசலில் ஹெடர் உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிடுகிறது, கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் நகல் எடுக்கத் தேவையில்லாமல் ஹெடரை ஒட்டிக்கொள்ளட்டும் என்று. எனவே கௌ ஹெட் 'தாராளமாக எழுது' என்று சொல்லும். முன்பக்கத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். டிரைவர் எழுதியது பின்பக்கத்தில்.

பழைய பதிப்புகளில் இந்தக் குப்பை ஏன் வரவில்லை என்று தேடினேன். அவற்றில் டிரைவர் ஒவ்வொரு பாக்கெட்டையும் முதலில் ஒரே நீளத் துண்டாக்கிக்கொண்டது. அப்படிச் செய்யும்போது தகவல் புது மெமரிக்கு நகலாகும். யாரும் நினைக்காமலே அசல் காப்பாற்றப்பட்டது. பிறகு வேகம் போதவில்லை என்று அந்த வரியை எடுத்துவிட்டு, சிதறிய துண்டுகள் இருக்கும் இடத்திலேயே என்கிரிப்ட் செய்யும் முறைக்கு மாறினார்கள். வேகம் கூடியது. வேகத்துக்காக எடுத்த வரி இன்னொரு வேலையையும் சம்பளமில்லாமல் பார்த்துவந்தது என்று யாருக்கும் தெரியாது. அது எந்தக் குறிப்பிலும் எழுதப்படவில்லை.

இதை எங்கள் மேசையில் செய்துகாட்டுவது தனிப் பாடு. ஆய்வறையில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் கேபிள். பாக்கெட் எங்கே தொலையும்? நெட்எம் என்ற வசதியைப் போட்டு நூற்றில் ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே தொலைத்தேன். ராத்திரி முழுக்க ஓடியும் ஃபைல்கள் முத்து முத்தாக வந்து சேர்ந்தன. என் கண்டுபிடிப்பே தப்போ என்று காலையில் காபிகூட இறங்கவில்லை. நெட்எம்மை நான் டன்னல் இடைமுகத்தின் மேல் வைத்திருந்தேன். அங்கே தொலையும் பாக்கெட் டிரைவரின் கைக்கே போகாதது. அசல் கெடாமல் இருக்கும். வெளி இடைமுகத்துக்கு மாற்றினேன். முதல் ஃபைலிலேயே குப்பை.

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. அதற்குள் எங்களிடம் கேசான் இருந்தது. 2015-இல் லினக்ஸ் 4.0-இல் வந்த கருவி. ஒவ்வொரு 8 பைட் மெமரிக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, விடுவித்த இடத்தைத் தொட்டாலோ ஓரம் தாண்டினாலோ அந்த நொடியே காட்டிக்கொடுக்கும். எங்கள் பெட்டியின் மெமரிக்கு அது தாங்காது என்பதால் கம்ப்யூட்டரில் மெய்நிகர் இயந்திரமாக ஓட்டுவோம். அந்த இயந்திரத்தில் குப்பை ஃபைல் உருவாகிக்கொண்டே இருந்தது, கேசான் வாயே திறக்கவில்லை. திறக்க அதற்கு ஒன்றுமில்லை. மெமரி உயிரோடு இருக்கிறது, ஓரத்துக்குள்ளேயே எழுதுகிறார்கள், எண்ணிக்கைகள் எல்லாம் சரி. மீறப்பட்டது டிசிபிக்கும் டிரைவருக்கும் இடையே இருந்த ஒரு புரிதல் மட்டும்.

திருத்தம் மற்றவர்கள் ஏற்கெனவே நடந்த வழிதான். லினக்ஸின் ஐபிசெக் கோடும், 2020-இல் லினக்ஸ் 5.6-இல் சேர்ந்த வயர்கார்டும் என்கிரிப்ட் செய்யும் முன் 'எஸ்கேபி கௌ டேட்டா' என்பதை அழைக்கின்றன. பின்பக்கமும் பகிர்ந்ததாக இருந்தால் அது தனி நகல் எடுத்துக் கொடுக்கும், பகிராத, ஒரே துண்டான பாக்கெட்டைப் பெரும்பாலும் சும்மா விட்டுவிடும். எங்கள் மேலாளருக்கு வேகம் குறையுமே என்ற கவலை. அளந்து காட்டினோம். கடந்துபோகும் பாக்கெட்டுகள் பகிரப்படாதவை, அவற்றுக்குப் பெரும்பாலும் நகல் செலவு இல்லை. செலவு பெரும்பாலும் அந்த இரவு ஃபைலுக்குத்தான்.

மாறியது சில வரிகள். அதற்கு நான் எழுதிய விளக்கம் இரண்டு பக்கம் போயிற்று: அசல் யாரிடம் இருக்கிறது, குளோன் யாரிடம், கௌ ஹெட் எதற்குப் பொறுப்பு, நெட்எம்மை எங்கே வைக்க வேண்டும். கர்னல் உலகில் இத்தகைய விளக்கத்தின் அடியில் 'ஃபிக்ஸஸ்' என்று ஒரு வரி போடும் வழக்கம் உண்டு. எந்த மாற்றத்தால் பிழை வந்ததோ அதன் 12 எழுத்து அடையாளமும் தலைப்பும். வேகத்துக்காக நகல் வரியை எடுத்த மாற்றத்தைத் தேடி எடுத்தேன். எழுதியவர் பெயர் அண்ணாச்சி.

அந்த வரியைப் போடாமலே அனுப்பினேன். அரை மணியில் என் இருக்கைக்கு வந்துவிட்டார்.

"ஃபிக்ஸஸ் எங்க?"

"இல்ல அண்ணாச்சி… தேடிப் பாத்தேன்…"

"தேடிப் பாத்தா என் பேருதான் வந்திருக்கும். போடு தம்பி. எந்தெந்தப் பதிப்புக்கு இத அனுப்பணும்னு பெறவு வாறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ரிசீவ் பக்கம் பாத்தியா?"

பார்க்கவில்லை. அப்போதே திறந்தோம். வரும் பாக்கெட்டையும் டிரைவர் இருந்த இடத்திலேயே பிரித்துக்கொண்டிருந்தது. அங்கே பாக்கெட்டை வேறு யார் பிடித்திருப்பார்கள்? வெளி இடைமுகத்தில் யாராவது பாக்கெட் பிடித்துப் பார்க்கும் கருவியை ஓட்டினால், அதற்கும் ஒரு குளோன் போகும். எங்கள் பெட்டியோடு வந்த சின்னக் கருவி பாக்கெட்டை உடனே நகலெடுக்காமல் வரிசையில் வைத்துப் பிறகு படிக்கும் ரகம். ஓட்டிப் பார்த்தோம். என்கிரிப்ட் ஆகி வர வேண்டிய பாக்கெட்டுகள் சில, அந்தப் பதிவில் பச்சையாக, பிரித்த எழுத்தோடு இருந்தன. கருவி படிக்கப் போவதற்குள் டிரைவர் அதே மெமரியில் பிரித்து முடித்திருக்கிறது. வாடிக்கையாளர்கள் புகார் செய்யும்போது எங்களுக்கு அனுப்பிவைத்த பதிவுகள் இதே கருவியில் எடுத்தவை.

அண்ணாச்சி எழுந்துபோய்ப் பாதுகாப்புக் குழுவுக்குப் போன் போட்டார். நான் இரண்டாவது பேட்ச்சை எழுதினேன். அதே ஃபங்ஷன், அதே ஃபிக்ஸஸ் வரி. இம்முறை அது 'ஸ்திரத்தன்மை' அலமாரிக்குப் போகவில்லை.